பல்லேடியச் சவ்வின் தகுதியும் எல்லையும்

அணுக்கரு இணைவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் பத்து கோடி டிகிரி வெப்பத்தில்தான் ஆரம்பிக்கும். எரிபொருள் பக்கம் வேலை செய்கிறவர்கள் அங்கே ஆரம்பிப்பதில்லை. எரிபொருளாக உள்ளே ஊதிய டிரிட்டியத்தில், அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பில், எவ்வளவு எரியாமலே வெளியே வந்துவிடுகிறது என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. பிரான்ஸின் கடராஷில் எழும்பிவரும் ஈட்டர் உலையின் திட்டக் கணக்கிலேயே, உள்ளே போகும் டிரிட்டியத்தில் ஒரு சதவீதம்கூட எரியாது. மற்றதெல்லாம் பம்பு வழியாக அப்படியே வெளியே வரும்.

இதன் விபரீதம் மின்நிலைய அளவில் பார்த்தால்தான் உறைக்கும். 1 ஜிகாவாட் இணைவுத் திறன் கொண்ட உலை ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் ஏறக்குறைய 56 கிலோ டிரிட்டியத்தை எரிக்கும். அதாவது நாளுக்கு 150 கிராம். எரியும் பங்கு ஒரு சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த 150 கிராமுக்காக தினமும் 15 கிலோவை உள்ளே அனுப்பி, வெளியே இழுத்து, சுத்தம் செய்து, திரும்ப அனுப்ப வேண்டும். உலகில் ராணுவம் சாராத டிரிட்டியக் கையிருப்போ முப்பது கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கனடாவின் காண்டு வகைக் கனநீர் உலைகள் தந்தது. கிராம் சுமார் 30,000 டாலர் என்று விலை சொல்லப்படும் சரக்கு இது. அதோடு, ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் தானாகவே சிதைந்து ஹீலியம்-3 ஆகிவிடும். சுத்திகரிப்பு ஆலையின் குழாய்களில் ஒரு நாள் சரக்கு தங்கினாலே உலகக் கையிருப்பில் பாதி அங்கே முடங்கிப் போகும்.

இந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் சவ்வுகளைச் சொல்கிறார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இணைவில் பிறக்கும் ஹீலியத்தை விலக்குவது ஒரு வேலை. சாதாரண ஹைட்ரஜன், டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற ஹைட்ரஜனின் மூன்று ஐசோடோப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையில் பல்லேடியச் சவ்வுக்கு இணை கிடையாது. இரண்டாவதில் அது சுமார்தான். இரண்டையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் போட்டுப் பேசுவதால், சவ்வைப் புகழ்கிறவர்களும் குறை சொல்கிறவர்களும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்லேடியம் ஹைட்ரஜனைக் குடிக்கும் என்பது பழைய சேதி. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1866இல் அதைக் கண்டார். தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு வாயுவை ஒரு உலோகம் உள்ளிழுப்பதைப் பார்த்த அவர், ஹைட்ரஜனே ஓர் உலோகமாகத்தான் இருக்க வேண்டும், பல்லேடியத்தோடு சேர்ந்து கலப்புலோகம் ஆகிறது என்று நம்பிவிட்டார். பிரிட்டனின் நாணயச்சாலைக்குத் தலைவராகவும் இருந்தவர் என்பதால், ஹைட்ரஜன் ஏற்றிய பல்லேடியத்தில் சின்னப் பதக்கங்கள் அடித்து 1869இல் நண்பர்களுக்குக் கொடுத்தார். கருத்து தவறு, கவனிப்பு சரி. அந்தக் கவனிப்பின் மேல்தான் இன்றைய டிரிட்டிய ஆலைகள் நிற்கின்றன.

நடப்பது இதுதான். பல்லேடியத்தில் துளை எதுவும் இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு பரப்பில் வந்து ஒட்டியதும் இரண்டு அணுக்களாக உடைகிறது. உடைந்த அணுக்கள் உலோக அணுக்களுக்கு இடையிலுள்ள பொந்துகளில் இறங்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவி, மறுபக்கத்துக்குப் போய் மீண்டும் சேர்ந்து மூலக்கூறாகின்றன. ஹீலியத்துக்கு உடையவும் தெரியாது, உலோகத்தில் கரையவும் தெரியாது. உருவத்தில் ஹைட்ரஜனைவிடச் சிறியதாக இருந்தும் அது வெளியிலேயே நிற்கிறது. நியான், ஆர்கான், நைட்ரஜன் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வெடிப்பு இல்லாத சவ்வு என்றால் மறுபக்கம் வருவது ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் மட்டுமே.

துளையுள்ள சவ்வுகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஹீலியத்தின் விட்டம் 0.26 நானோமீட்டர், ஹைட்ரஜனுடையது 0.29. இந்த 0.03 நானோமீட்டர் வித்தியாசத்தை நம்பி சல்லடை செய்ய முடியாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஆராய்ந்த எம்.எஃப்.ஐ. வகை ஜியோலைட்டின் துளையே அரை நானோமீட்டருக்குச் சற்று மேலே. இரண்டு வாயுவும் தாராளமாகப் போய்வரும். அங்கே கிடைக்கும் கொஞ்சநஞ்சப் பிரிவும் ஒட்டும் தன்மையில் உள்ள வேறுபாட்டால் வருவதுதான். பெருங்கொள்ளளவு ஹீலியத்தில் துளியாகக் கலந்திருக்கும் டிரிட்டியத்தை ஓரளவு செறிவாக்கிக் கொடுப்பதற்கு ஜியோலைட் உதவலாம். அதைத் தாண்டி அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

சுத்தப் பல்லேடியத்தில் ஒரு குறை உண்டு. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஹைட்ரஜன் ஏறினால் அதன் படிக அமைப்பு வேறொரு நிலைக்கு மாறி, கன அளவு பத்து சதவீதம்வரை ஊதுகிறது. ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் உலோகம் விரிந்து சுருங்கிக் கடைசியில் வெடித்துவிடும். ஏறக்குறைய கால் பங்கு வெள்ளி கலந்தால் அந்த மாற்றம் அடங்குகிறது; ஊடுருவலும் கூடுகிறது. அதனால்தான் டிரிட்டிய ஆலைகளில் பல்லேடியம்-வெள்ளிக் குழாய்கள்.

வெள்ளி சேர்த்த பிறகும் குழாய் நீளத்தான் செய்யும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் பொறியாளர்களின் உயிர் போகிறது. நீளமான, மெல்லிய சுவருள்ள குழாயை இரண்டு முனையிலும் பற்றவைத்து 400 டிகிரியில் ஹைட்ரஜன் ஏற்றினால், அது வளைந்து வெளிக்குழாயில் இடிக்கும், அல்லது பற்றவைத்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஒரு முனையை மூடி விரல்போல் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். துருத்திபோல் மடிப்பு வைத்துப் பார்த்தார்கள். குழாயையே நெளிவு நெளிவாகச் செய்தும் பார்த்தார்கள். கார்ல்ஸ்ரூ டிரிட்டிய ஆய்வகத்தில் உருவான பெர்ம்கேட் என்ற கருவியின் வரலாறு பாதிக்கு மேல் இந்த நீட்சியைச் சமாளித்த வரலாறுதான். ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் இது ஒரு வரிகூட வராது.

பெர்ம்கேட் ஏன் தேவைப்பட்டது என்பதில் சவ்வின் ஆழமான குறை வெளிப்படுகிறது. சவ்வின் வழியே ஓட்டம் இருபுறத்து ஹைட்ரஜன் அழுத்தங்களின் வர்க்கமூல வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே ஹைட்ரஜன் நிறைய இருக்கும்வரை வேலை மளமளவென்று நடக்கும். பெரும்பங்கு போய், ஹீலியத்துக்கு நடுவே கடைசித் துளி மட்டும் மிஞ்சும்போது தள்ளுவதற்கு விசை இல்லை. போதாததற்கு மிச்ச டிரிட்டியம் வெறும் வாயுவாகவும் இருப்பதில்லை. மீத்தேனிலும் நீரிலும் அம்மோனியாவிலும் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த வடிவில் பல்லேடியத்துக்குள் அது நுழையாது. ஈட்டருக்கு வைத்திருக்கும் இலக்கோ, நுழையும் டிரிட்டியத்தில் பத்து கோடியில் ஒரு பங்குக்கு மேல் கழிவில் போகக்கூடாது என்பது.

பெர்ம்கேட் செய்யும் தந்திரம் அழகானது. சவ்வின் ஒரு பக்கம் வினையூக்கியின் ஊடாகக் கழிவு வாயு போகும். மறுபக்கம் எதிர்த்திசையில் சாதாரண ஹைட்ரஜன் வரும். இந்த ஹைட்ரஜன் சவ்வு வழியே உள்ளே புகுந்து, மீத்தேனிலும் நீரிலும் உள்ள டிரிட்டியத்தை இடம்பெயர்த்துத் துரத்தும். துரத்தப்பட்ட டிரிட்டியம் சவ்வு வழியே வெளியேறும். கழிவு சுத்தமாகிவிடும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால், எரிபொருள் சுற்றில் இல்லாத சாதாரண ஹைட்ரஜனை நாமே கொண்டுவந்து டிரிட்டியத்தோடு கலந்திருக்கிறோம். அதைப் பிரிக்கும் வேலை இப்போது ஐசோடோப்பு ஆலையின் தலையில். ஒரு கடனை அடைக்க வேறிடத்தில் வாங்கிய கடன் இது. சிறிய தொகை என்பதால் தாங்கிக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் பெர்ம்கேட்டைப் பாராட்டும்போது அந்தக் கடனையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பரப்பு. சவ்வின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். ஆனால் அதன் திறமை முழுதும் மேலே உள்ள ஓரிரு அணு அடுக்கில் அடங்கியிருக்கிறது. மூலக்கூறு உடைவது அங்கேதான். கார்பன் மோனாக்சைடு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். கந்தகம் வந்தால் ஒட்டிக்கொண்டு நகராது. அழுத்தம் குறையக் குறைய, உலோகத்துக்குள் நடக்கும் தாவலைவிடப் பரப்பில் நடக்கும் உடைவே ஓட்டத்தை மட்டுப்படுத்துவதால், துளி டிரிட்டியத்தைத் தேடும் கட்டத்தில்தான் பரப்பின் அழுக்கு அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். இந்த இடத்தில் ஆய்வு இலக்கியத்தின் மீது எனக்கு மனக்குறை உண்டு. பெரும்பாலான புதுச் சவ்வுகள் சுத்தமான ஹைட்ரஜனைத் தனியாகவும் ஹீலியத்தைத் தனியாகவும் அனுப்பி, இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்துத் தேர்ச்சி பெறுகின்றன. டிரிட்டியத்துக்குப் பதில் டியூட்டீரியம். டிரிட்டியத்தைக் கையாளும் உரிமம் உள்ள ஆய்வகங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால் காரணம் புரிகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 2001இல் மூடப்பட்ட டிரிட்டியச் சோதனை நிலையத்தில் பல்லேடியச் சவ்வை உண்மையான டிரிட்டியத்தோடு ஓட்டினார்கள், கார்ல்ஸ்ரூவிலும் ஓட்டினார்கள். அந்த அனுபவம் பல்லேடியம்-வெள்ளிக்கு மட்டுமே இருக்கும் சொத்து. புதிதாக வருகிற கலப்புலோகமோ பீங்கானோ அதைக் கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

டிரிட்டியத்தை டியூட்டீரியத்தால் ஏன் பதிலீடு செய்ய முடியாது? டிரிட்டியம் சவ்வுக்குள் இருக்கும்போதே சிதைகிறது. பிறக்கும் ஹீலியம்-3 உலோகத்தில் கரையாது, வெளியேறவும் தெரியாது. நானோமீட்டர் அளவில் குமிழாகத் திரண்டு உள்ளேயே தங்கும். வெளியே நிறுத்திவைத்த ஹீலியம் இப்படி உள்ளுக்குள்ளேயே முளைக்கிறது. சூடான சவ்வில் வாயு ஓடிக்கொண்டே இருக்கும்வரை தங்கும் அளவு சொற்பம். நிறுத்தும்போது டிரிட்டியத்தை வெளியேற்றாமல் குளிரவிட்டால்தான் ஆபத்து. அதுபோக, 400 டிகிரியில் உள்ள எஃகு உறையின் வழியாகவும் டிரிட்டியம் மெல்லக் கசியும். சவ்வைச் சுற்றி உறை, உறையைச் சுற்றி இன்னோர் உறை, நடுவே வெற்றிடம் என்றுதான் கட்ட வேண்டியிருக்கிறது.

பல்லேடியம் விலை அதிகம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். கிராம் 30,000 டாலர் சரக்கைக் காப்பாற்றும் கருவியில் கிராம் சில பத்து டாலர் உலோகம் போவதைப் பெரிய குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

இனி ஐசோடோப்புகள். பல்லேடியத்தில் ஹைட்ரஜன் முந்தும், டியூட்டீரியம் அடுத்து, டிரிட்டியம் கடைசி. முந்துகிறது என்றாலும் வித்தியாசம் இரண்டு மடங்கை ஒட்டித்தான். டியூட்டீரியத்துக்கும் டிரிட்டியத்துக்கும் நடுவே அதைவிடக் குறைவு. ஒரு தடவை கடந்தால் சற்றுச் செறிவாகும், அவ்வளவுதான். சுத்தமாகப் பிரிக்க வேண்டுமானால் அடுக்கடுக்காகச் சவ்வுகளும் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பம்பும் தேவை. அமெரிக்காவின் சவானா ரிவரில் பல்லேடியத்தைச் சவ்வாக வைக்காமல் தூளாக நிரப்பி, சூடாக்கியும் குளிர்வித்தும் மாறி மாறி ஓட்டி ஐசோடோப்புகளைப் பிரிக்கிறார்கள். பல்லேடியத்தின் சின்ன விருப்பு வெறுப்பை நூற்றுக்கணக்கான தடவை பெருக்கிப் பயன்படுத்தும் முறை அது. சவ்வுக்கு அந்தப் பெருக்கல் கைவராது.

கிராஃபீன் இங்கே நுழைந்து ஆசை காட்டியது. மான்செஸ்டரில் லொசாடா-ஹிடால்கோ, ஆந்த்ரே கைம் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓரணுத் தடிமன் கிராஃபீன் வழியே புரோட்டான் போகும் வேகம் டியூட்டீரான் போகும் வேகத்தைவிடச் சுமார் பத்து மடங்கு என்று காட்டினார்கள், அதுவும் அறை வெப்பத்தில். இயற்பியலாக இது முதல்தரம். இணைவு உலைக்கு என்று கொண்டுவரும்போது கேள்விகள் எழுகின்றன. கடப்பது வாயு இல்லை, மின்னூட்டம் பெற்ற அணுக்கரு. அதை ஊட்ட நஃபியான் போன்ற பாலிமர் வேண்டும். டிரிட்டியத்தின் பீட்டாக் கதிர் குட்டையானது; பாலிமரில் ஊறியபின் அதன் ஆற்றல் முழுதும் அந்தப் பாலிமரின் பிணைப்புகளை அறுக்கவே செலவாகும். டிரிட்டிய ஆலைகளில் எண்ணெயும் ரப்பரும் இயன்றவரை வேண்டாம் என்று வைத்திருப்பதே இதனால்தான்.

ஆகவே ஈட்டர் உட்படப் பெரும்பாலோர் ஐசோடோப்புப் பிரிப்புக்குக் கடுங்குளிர் வடிப்பைத்தான் நம்புகிறார்கள். ஹைட்ரஜன் 20.3 கெல்வினில் கொதிக்கும், டியூட்டீரியம் 23.7இல், டிரிட்டியம் 25இல். இந்த ஐந்து கெல்வின் இடைவெளியை வைத்து உயரமான வடிகோபுரத்தில் ஒழுங்காகப் பிரித்துவிடலாம். விலை என்னவென்றால், கோபுரத்துக்குள் எப்போதும் டிரிட்டியம் திரவமாக நின்றுகொண்டிருக்கும், மணிக்கணக்கில் நகராது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் திருப்பம் ஒரு பொருளால் வரவில்லை, ஒரு கேள்வியால் வந்தது. டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் எதற்காகப் பிரிக்க வேண்டும்? இரண்டும் எரிபொருள். இரண்டையும் சரிபாதியாகக் கலந்துதான் உள்ளே அனுப்பப் போகிறோம். வெளியே வரும் வாயுவிலும் அவை ஏறக்குறைய சரிபாதியாகவே இருக்கின்றன. அரைத்துக் கலந்த இட்லி மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே பிரித்தெடுத்து, மறுபடி கலந்து ஊற்றுவது போன்ற வேலையை ஒவ்வொரு நாளும் பதினைந்து கிலோ டிரிட்டியத்துக்குச் செய்துகொண்டிருக்கத் திட்டமிட்டிருந்தோம். விலக்க வேண்டியது ஹீலியமும் பிற வாயுக்களும்தான். சுவர்களிலிருந்து கசிந்து வரும் சாதாரண ஹைட்ரஜனை அவ்வப்போது கழித்தால் போதும். அந்த வேலையில் சவ்வு கெட்டிக்காரன்.

கார்ல்ஸ்ரூவில் கிறிஸ்டியன் டே, தாமஸ் கீகெரிச் குழுவினர் இதை நேரடி உள்மறுசுழற்சி என்று திட்டமாக வடித்தார்கள். எரியாத எரிபொருளில் சுமார் 80 சதவீதத்தை உலைக்குப் பக்கத்திலேயே பிரித்து உடனே திருப்பி அனுப்பிவிடுவது. மீதி மட்டும் வடிகோபுரத்துக்குப் போகும். பிளாஸ்மாவைச் சூடேற்றும் கற்றைகளுக்குச் சுத்த டியூட்டீரியம் தேவைப்படும் என்பதால் கோபுரத்தை முழுதாக மூடிவிட முடியாது. சிறிதாக்கலாம். அதுவே பெரிய லாபம்.

பழைய வழி எப்படி என்பதை ஈட்டரின் பம்பில் பார்க்கலாம். 4.5 கெல்வினுக்குக் குளிர்வித்த தகடுகளில் கொட்டாங்குச்சிக் கரி பூசப்பட்டிருக்கிறது. நம் ஊர்களில் குளிர் காய எரிக்கும் அதே கொட்டாங்குச்சிதான். அதன் நுண்துளைகளில் ஹீலியம்கூட ஒட்டிக்கொள்ளும். பம்பு என்ற முறையில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பிரிக்காது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவைத்து, நிரம்பியதும் சூடாக்கி ஒரேயடியாக விடும். சில நூறு நொடிகள் ஓடும் பரிசோதனை உலைக்கு அது போதும். ஆண்டு முழுக்க ஓடும் மின்நிலையத்தில், பிடித்துவைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் டிரிட்டியக் கையிருப்பில் சேரும்.

கொட்டாங்குச்சிக் கரியின் இடத்தில் வரவேண்டியது உலோகத்தகட்டுப் பம்பு. நயோபியம் அல்லது வனேடியத் தகடு. அதற்கு முன்னே ஒரு பிளாஸ்மா. பிளாஸ்மா ஹைட்ரஜனை அணுக்களாக உடைத்து வேகம் கொடுக்கும். தகட்டின் பரப்பில் ஆக்சிஜனோ கார்பனோ ஓரடுக்குப் படலமாக இருக்கும். வேகமான அணு அந்தப் படலத்தைத் தாண்டி உலோகத்தில் விழுந்துவிடும். திரும்பி வரப் படலம் விடாது. வேறு வழியில்லாமல் மறுபக்கம் போகும். லிவ்ஷிட்ஸும் அவரது சகாக்களும் 1970களிலிருந்து லெனின்கிராடில் ஆராய்ந்துவந்த இந்த மீஊடுருவலில், குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்துக்கு ஹைட்ரஜன் தானே ஏறுகிறது. வடிகட்டியும் பம்பும் ஒன்றாகிவிடுகின்றன. பல்லேடியத்தைத் தடுக்கும் அழுத்தச் சிக்கல் இங்கே இல்லை.

இதன் பலவீனமும் அதே படலம்தான். பல்லேடியத்துக்கு அழுக்கு பகை; இங்கே அளவான அழுக்கு இல்லாவிட்டால் வேலையே நடக்காது. பிளாஸ்மாவில் வரும் வேக அயனிகள் படலத்தைச் சுரண்டும். சூட்டில் ஆக்சிஜன் உலோகத்துக்குள் கரைந்து மறையும். சுரண்டப்படும் வேகத்துக்கு ஈடாக ஆக்சிஜனைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் படலத்தைக் காக்க வேண்டும். கூடினால் நுழைவே அடைபடும். மின்சாரம் நின்று பிளாஸ்மா அணைந்து, ஹைட்ரஜன் நிறைந்த தகடு குளிர்ந்தால் நயோபியம் கண்ணாடிபோல் நொறுங்கும். அதன் பின்னே நிற்கும் பம்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். எண்ணெய் கூடாது என்பதால் கார்ல்ஸ்ரூ திட்டம் பாதரசப் பம்புகளைத் தேர்ந்தெடுத்தது. டிரிட்டியத்துக்குப் பாதரசம் பொருத்தமான திரவம்தான். பாதரசத்தைக் கைவிட மினமாட்டா உடன்படிக்கை செய்துகொண்டிருக்கும் உலகத்திடம், தூய ஆற்றலுக்காகப் பாதரசம் வேண்டும் என்று சொல்லிப் புரியவைப்பது பொறியியலைவிடக் கடினமாக இருக்கும்.

பிளாஸ்மாவைச் சூழ்ந்திருந்து புது டிரிட்டியத்தை உண்டாக்கும் போர்வைப் பகுதியில் இதே பொருட்களை வேறு கணக்கில் எடைபோட வேண்டும். அங்கே ஓடும் ஈயம்-லித்தியம் திரவத்தில் டிரிட்டியம் மிகக் குறைவாகத்தான் கரையும். கரையாததால் வெளியேறத் துடிக்கும். வனேடியம், நயோபியம் குழாய்களுக்கு வெளியே வெற்றிடம் வைத்து அதை இழுக்கலாம் என்று இத்தாலியின் பிரசிமோனேவில் உள்ள எனியா சோதனைச் சுற்று போன்ற இடங்களில் பார்த்துவருகிறார்கள். ஆனால் துடிக்கும் டிரிட்டியத்துக்குச் சவ்வு எது, குழாய்ச் சுவர் எது என்ற பேதம் தெரியாது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பங்கெடுத்து இந்தியா உருவாக்கிய குறைகதிரியக்க எஃகைப் போன்ற கட்டமைப்பு எஃகுகளிலும் அது நுழையும். எனவே ஒரே சுற்றில் சில இடத்தில் ஊடுருவலைக் கூட்டும் உலோகமும், மற்ற எல்லா இடத்திலும் அதைத் தடுக்கும் அலுமினா போன்ற பூச்சும் தேவை. ஊடுருவும் சவ்வைப் பற்றி எழுதப்படும் அளவுக்குத் தடுக்கும் பூச்சைப் பற்றிப் பேச்சு இல்லை. டிரிட்டியம் எவ்வளவு கைக்கு வரும் என்பதில் இரண்டுக்கும் சமபங்கு.

வடிகோபுரத்தை ஒரேயடியாகப் பழைய சரக்கு என்று ஒதுக்குவதும் தவறு. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் இருப்பவை போன்ற கனநீர் உலைகளில், டியூட்டீரியத்தின் மேல் நியூட்ரான் பட்டு ஆண்டுக்கு ஆண்டு டிரிட்டியம் சேர்கிறது. அங்கே தேவை கனநீரைக் காப்பாற்றி டிரிட்டியத்தை மட்டும் நீக்குவது. அதாவது, இணைவு உலையில் நாம் தவிர்க்க நினைக்கும் அதே பிரிவினை. கனடாவின் டார்லிங்டனில் அதைக் கடுங்குளிர் வடிப்புதான் செய்கிறது. அவசரமில்லாத, ஒரே சீரான, அழுக்கற்ற ஓட்டம்; அந்த வேலைக்குச் சவ்வைக் கொண்டுபோய் நிறுத்த எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆக, பல்லேடியம்-வெள்ளி இன்றைக்கே கையில் எடுத்து வேலைசெய்யக்கூடிய ஒரே சவ்வு. அதன் இடம் கழிவைச் சுத்தம் செய்யும் கடைசிக் கட்டம். 15 கிலோ ஓடும் பிரதான பாதைக்கு உலோகத்தகட்டுப் பம்பு வேண்டும்; கொள்கையில் அது சரியான விடை, ஆனால் இன்னும் கருவியாகவில்லை. கார்ல்ஸ்ரூவில் முழுச் சுற்றையும் இணைத்துப் பார்க்கச் சோதனைத் தளம் அமைக்கிறார்கள். கனடாவின் சாக் ரிவரில் ஜப்பானிய நிறுவனமும் கனடிய ஆய்வகமும் சேர்ந்து டிரிட்டியத்தையே சுற்றவிடும் நிலையம் எழுப்புகிறார்கள். அங்கிருந்து வரும் அறிக்கைகளில் முதல் நாள் ஓட்ட வேகத்தை நான் தேடப் போவதில்லை. நியானும் தண்ணீர் ஆவியும் கலந்த வாயுவில் பல மாதம் ஓடியபின் படலம் எப்படி இருக்கிறது, நடுவில் எத்தனை முறை பிளாஸ்மா அணைந்தது, அணைந்தபின் தகடு முழுசாக இருந்ததா என்ற பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன்.